அனுசரித்துப் போகிறவர்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். புதிதாக ஒரு மத்திய வங்கி தொடங்கினால் தலைமைக்கு யாரை அமர்த்துவது என்று வகுப்பில் விவாதம் வந்தது. பொருளியல் அறிஞரா, அரசு அதிகாரியா, வங்கியாளரா? உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் போல நாங்களும் ஒரு தகுதிப் பட்டியல் போட்டோம்: உயர்படிப்பு, நிர்வாக அனுபவம், கறைபடாத கை, அரசோடு அனுசரித்துப் போகும் குணம். தங்கள் கருத்தை அறிய விருப்பம்.

ம.

அன்புள்ள ம.,

மாணவர்களை இப்படிப் பேச வைக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும். ஆனால் அந்தக் கடைசித் தகுதியைப் படித்ததும் சுரீரென்றது. யார் எழுதியது அதை? மாணவர்கள் என்றால் மன்னிக்கலாம். நீங்கள் என்றால் கஷ்டம்.

குடவோலையை விடுங்கள். நிலமும் வேதமும் கேட்ட கல்வெட்டு அது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சில நாட்களாக ஆஸ்பர்ன் ஸ்மித்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1935இல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது முதல் ஆளுநராக வந்தவர். ஆஸ்திரேலியாவில் தொழில் பழகி, இங்கே இம்பீரியல் வங்கியை நடத்திய வங்கியாளர். ரூபாயின் மாற்று மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அன்றைய ஆங்கில அரசில் நிதியமைச்சர் இடத்தில் இருந்த நிதித்துறை உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பதிலிருந்து அசையவில்லை. வட்டி விகிதத்திலும் மோதல். தஞ்சைச் சீமையில் நெல் விலை விழுந்து கிடந்த காலம் அது. பர்மா அரிசி வேறு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரூபாயின் மதிப்பைத் தூக்கிப் பிடித்தால் விளைபொருள் விலை இன்னும் இறங்கும்; அப்போது யார் வயிற்றில் அடி விழும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1937இல் ஸ்மித் வெளியேறினார். அவர் கையெழுத்திட்ட ஒரு நோட்டுகூட வெளிவரவில்லை. 1938இல் வந்த முதல் நோட்டுகளில் இருப்பது அடுத்தவர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. அவர் நிதித்துறையிலிருந்தே வந்த ஐ.சி.எஸ். அதிகாரி.

என் பெரியப்பா எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தார். தலைவர் பெரிய மிராசுதார்; வாயில்லாப் பூச்சி என்று நம்பித்தான் இவரைப் பிடித்துப் போட்டார். ஒரு சம்பாப் பருவத்தில் தலைவர் வீட்டிலிருந்து பயிர்க்கடன் மனுக்கள் ஒரு கட்டாக வந்தன. எல்லாம் பண்ணையாட்கள் பெயரில், ஊதா மையில் கைநாட்டோடு. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனுக்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். எல்லா ரேகையும் ஒரே கட்டைவிரல். நடுவில் குறுக்கே ஓர் அரிவாள் வெட்டுத் தழும்பு. "இவர்கள் எல்லோரையும் நேரில் வரச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி, கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பொதுக்குழுவில் அவருக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். பின்னால் வந்தவர் பி.காம். படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எல்லோரையும் அனுசரித்துப் போவார். சில போகங்களிலேயே சங்கம் படுத்துவிட்டது.

உயர்படிப்பும் அனுபவமும் இருக்கட்டும். தனக்குப் பதவி கொடுக்கக்கூடியவரிடம் இவர் எப்போதாவது 'முடியாது' என்று சொல்லியிருக்கிறாரா, சொல்லி எதையாவது இழந்திருக்கிறாரா? அதை விசாரியுங்கள். புதிய நிறுவனத்தில் இது இன்னும் முக்கியம். முதல் ஆள் எதற்கெல்லாம் தலையாட்டுகிறாரோ, அதெல்லாம் அடுத்தவருக்கு நடைமுறை ஆகிவிடும். நீங்கள் உடனே கேட்பீர்கள்: முடியாது என்றவர்களைத்தான் அனுப்பிவிடுகிறார்களே என்று. ஆமாம், அனுப்பினார்கள். சுதந்திர இந்தியாவிலும் 1957இல் ரிசர்வ் வங்கி ஆளுநர் பெனகல் ராமராவ், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியோடு மோதிப் பதவி விலகினார். நேரு அமைச்சர் பக்கமே நின்றார். ஆகவே எதிர் நாற்காலியில் உட்காரப்போகும் நிதியமைச்சருக்கும் சேர்த்துத் தகுதி எழுதுங்கள். அதை ஏன் உங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை?

அறிஞரா அதிகாரியா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இலங்கை 1950இல் மத்திய வங்கி தொடங்கியபோது ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கப் பொருளியலாளரை ஆளுநராக வைத்தது. துணை ஆளுநர் உள்ளூர்க்காரரான என்.யு. ஜயவர்த்தன, 1953இல் அவரே ஆளுநரானார். இரண்டாம் நாற்காலிக்கு நீங்கள் பட்டியலே போடவில்லை. அடுத்த வகுப்பில் அதிலிருந்து தொடங்குங்கள்.