மாமனாருக்கு ஐந்து பாகமா?

கேள்வி: என் மாமனாருக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். பண்ணையம் பார்க்கிறவர். பேப்பரை வரி விடாமல் படிப்பார், ஆனால் கதைப் புத்தகம் என்றால் "அதெல்லாம் பொழப்பத்தவன் படிக்கறதுங்க மாப்ள" என்று ஒதுக்கிவிடுவார். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
- ஒரு மருமகன், பெருந்துறை

பதில்: வேண்டாம். அது உங்களுக்குப் பிடித்த நாவல் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. 1950-களில் 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது வாசகர் கைக்கு அது வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, அடுத்த இதழுக்கு ஏங்க வைத்தது. நீங்கள் அதையே கெட்டி அட்டை போட்ட ஐந்து பாகமாக, நாவல் பழக்கமே இல்லாத மனிதர் மடியில் மொத்தமாக இறக்கினால் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு ஷோகேஸில் வைத்துவிடுவார்.

அவருக்குக் கதை பிடிக்காது என்பதையும் நான் நம்பவில்லை. பங்காளித் தகராறு, வரப்புச் சண்டை, கூட்டுக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர் என்று பேச்செடுத்துப் பாருங்கள், நம்ம ஊர்ப் பெரியவர்கள் மூன்று தலைமுறைக் கணக்கை ஒரு பேர் விடாமல் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற புத்தகமாகத் தேடுங்கள்.

என்னைக் கேட்டால் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வந்த சின்ன நாவல். புருஷனை இழந்த ஒருத்தி, கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறவள், பூமியில் தன் பாகத்தைப் பிரித்துக் கொடு என்கிறாள், ஊரில் சிலர் அவரவர் கணக்குக்கு அவளைத் தூண்டிவிடுகிறார்கள், முடிவைச் சொல்லமாட்டேன். ஆட்கள் பேசுவதெல்லாம் கொங்குப் பேச்சு. "அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்றோ "குடும்பத்தைக் கெடுத்துப்போட்டா" என்றோ உங்கள் மாமனார் ஒரு கட்சி எடுத்துவிட்டால் போதும், மிச்சத்தைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

அது கிடைக்கவில்லையா, பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்', 1991. காலனி கட்ட நிலம் போய்விட்ட ஒரு குடியானவக் குடும்பம் எப்படிக் கலைந்துபோகிறது என்பதுதான் கதை. பெருந்துறைக்காரர் நீங்கள், சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த சொந்தம் யாராவது இருப்பார்கள், நான் விளக்க வேண்டியதில்லை. (அதே ஆசிரியரின் 'நிழல்முற்றம்' நல்ல நாவல்தான், சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற பையன்களின் உலகம் மாமனாருக்கு எதற்கு, அதை உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.)

ஆன்லைனில் அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்குப் போய் நடுப்பக்கத்தைப் பிரித்து எழுத்து அளவைப் பாருங்கள், அறுபது வயதுக் கண்ணுக்குப் பொடி எழுத்து ஆகாது. அப்புறம், மேடையில் கொடுத்துவிடாதீர்கள், மொய்க்கவரோடு பையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். விசேஷமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, "உங்க பக்கத்துக் கதைதானுங்க மாமா, பங்கு பிரிக்கிற சண்டை" என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். எத்தனை பக்கம் ஆச்சு என்று போனில் கேட்காதீர்கள். மாமியாரிடமும் விசாரிக்க வேண்டாம்.