கடவுளுக்கு எதற்கு நீலச் சாயம்?

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை நாடகமாகப் போட்டோம். கடவுளுக்கு நீலச் சாயம், சடை, அட்டைப் பிறை, பிளாஸ்டிக் பாம்பு எல்லாம் வைத்தோம். நல்ல கைதட்டல். ஆனால் பேராசிரியை ஒருவர் “கதையையே கெடுத்துவிட்டீர்கள்” என்றார். வேஷம் எப்படி இருந்தால் என்ன, வசனம்தானே முக்கியம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பேராசிரியை சொன்னதுதான் சரி. கதையை எடுத்து முதல் சில பக்கங்களை மறுபடி படியுங்கள். கந்தசாமிப் பிள்ளைக்கு வயசு நாற்பத்தைந்து. அத்தனை வருஷமும் சாப்பாடே காணாதவர் போன்ற உடம்பு, இரண்டு வாரமாகச் சவரம் செய்யாத முகம், காரிக்கம் என்கிற கோராத் துணியில் சட்டை, அதே துணியில் வேட்டி. அடுத்து சாதாரண மனுஷர் மாதிரி கடவுள் வருகிறார். அவருக்கு வயசு அறுபதும் இருக்கலாம், அறுபதினாயிரமும் இருக்கலாம். ஆனால் அத்தனை வருஷமும் சோற்றுக் கவலையே இல்லாமல் கொழுகொழுவென்று வளர்ந்த மேனி. இரண்டு ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. பட்டினி கிடந்தவன் ஒருவன், படைத்தவன் ஒருவன். இது ஒரு வசனத்திலும் வராது, பார்த்தால்தான் தெரியும். உங்கள் கடவுள் நீலச் சாயத்தோடு வந்து நின்றதும் அந்தப் பசிக் கணக்கு காணாமல் போய்விட்டது.

கழுத்தை ஏன் மறந்தீர்கள்? நட்ட நடுவே ஒரு பெரிய கறுப்பு மறு, அவ்வளவுதான் அடையாளம். பிள்ளையின் சின்ன மகள் வள்ளி அதைப் பார்த்துவிட்டு நாவல் பழம் என்கிறாள். அவளுக்குத் தாத்தாவாகிவிட்ட கடவுளும், ஆமாம், முன்னே ஒரு நாள் வாங்கியது, தொண்டையில் சிக்கிக்கொண்டது என்கிறார். ஆலகால விஷத்தை ஒரு குழந்தைக்கு இதைவிடப் பிரியமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? உடம்பெல்லாம் நீலம் பூசிய ஆளிடம் எந்தக் குழந்தை போய் நாவல் பழம் கேட்கும்?

நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் இதைத் தவறவிட்டதில்தான் எனக்கு வருத்தம். கதை நடப்பது சென்னையில், பிராட்வே சந்தியில். ஆனால் பிள்ளைக்கு ஊர் மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபை கூப்பிடு தூரம். மனைவி பெயர் காந்திமதி, நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர். வந்த கடவுளைப் பிள்ளை, கைலாசபுரத்துப் பெரியப்பா என்று சொல்லி வீட்டுக்குள் கூட்டிப் போகிறார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நிஜமாகவே ஒரு கைலாசபுரம் இருப்பது உங்களுக்குத் தெரியாதா? சிவன் இங்கே சொந்தக்காரர் மாதிரிதான் வீட்டுக்குள் வருவார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த மனுஷர் எழுதியது, அந்த உரிமை எழுத்தில் இருக்கத்தானே செய்யும்.

அப்புறம், கடவுள் சொந்த ரூபத்தில் வருகிற இடமும் கதையில் இருக்கிறது. ஒரே இடம். பிழைப்புக்காக திவான் பகதூர் பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டும்போது நிஜப் புலித்தோல், நிஜப் பாம்பு, சடை, திரிசூலம் எல்லாம் உண்டு. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் ஆடுகிறவருக்கு அங்கே என்ன கிடைத்தது? பாம்பு மாதிரி நகை போட்டுக்கொள்ள வேண்டும், புலித்தோல் மாதிரி பட்டு கட்டிக்கொள்ள வேண்டும், கலை என்றால் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெரிய மனிதர் கண்டித்து அனுப்பிவிடுகிறார். கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள்: பிளாஸ்டிக் பாம்பு வாங்கியபோது நீங்கள் யார் பேச்சைக் கேட்டீர்கள்? 1943-ல் எந்த ரசனையை எதிர்த்து இந்தக் கதை எழுதப்பட்டதோ, அதே ரசனைக்குத்தான் உங்கள் மேடையில் கைதட்டல் விழுந்திருக்கிறது.

கதையைத் தேடி எடுத்து மேடையேற்றியதற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். இன்னொரு தடவை போடுங்கள். கடவுளுக்கு நல்ல சதைப்பிடிப்பான ஆள், தோளில் விழுகிற நரைமுடி, கழுத்தில் மையால் ஒரு மறு, அது போதும். சடையையும் தோலையும் அந்த ஆட்டக் காட்சிக்கு மட்டும் வெளியே எடுங்கள். திவான் பகதூர் வேஷத்துக்கு, உங்களில் நன்றாக நடிக்கத் தெரிந்தவரைப் போடுங்கள்.