பழைய லித்தியம் செல்லில் வீட்டு சோலார் பேட்டரி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

லேப்டாப், மின் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்து, அதில் உயிரோடு இருக்கும் செல்களைச் சேர்த்து வீட்டுக்கு சோலார் பேட்டரி கட்டலாமா என்று நம்ம பக்கத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். காரைக்குடியில் இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணே, பழைய லேப்டாப் பேட்டரி எடைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கு எத்தனை வாங்க வேண்டும்?

முதலில் லோடைக் கணக்குப் போடுங்கள் தம்பி. லேப்டாப் பேக்கில் பெரும்பாலும் 6 செல் இருக்கும். 18650 என்பார்கள், 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். பழைய செல்லில் 2000 மில்லி ஆம்பியர் மணி நின்றால் நல்ல செல். சராசரி 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 7.2 வாட் மணி. ஆக, ஒரு யூனிட் மின்சாரம், அதாவது 1000 வாட் மணி, சேர்த்து வைக்க 140 செல் வேண்டும். வாங்கியதில் பாதி கழிந்துபோகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 280 செல், அதாவது 47 பேக்.

அந்த ஒரு யூனிட்டையும் முழுதாக உறிஞ்சக் கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்தினால் செல் நாள்பட வரும். 800 வாட் மணியில் என்ன ஓடும்? கரண்ட் குறைவாகத் தின்னும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, 8 மணி நேரத்துக்கு 480. 9 வாட் பல்பு இரண்டு, 5 மணி நேரத்துக்கு 90. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தின்பது 100, 120 வாட் மணி வரும். ஓர் இரவு ஓடிவிடும். ஆனால் வீட்டில் இருப்பது பழைய 75 வாட் விசிறி என்றால் இரண்டுக்கு மட்டும் 1200 வாட் மணி போய்விடும். செல் பொறுக்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள். அதுதான் மலிவான பேட்டரி.

இதற்கு 330 வாட் பேனல் ஒன்று போதும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், இது 1.3 யூனிட் தரும்.

கோட்டையூரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன்: மல்டிமீட்டரில் 3.7 வோல்ட் காட்டினால் செல் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. செத்த செல்லும் 3.7 காட்டும். இந்த வேலையில் முக்கால் பங்கு கழிப்பதுதான், கட்டுவது கடைசி இரண்டு நாள் சமாச்சாரம்.

பேக்கைப் பிரித்ததும் வோல்ட் பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லைத் தயங்காமல் ஒதுக்குங்கள். அவ்வளவு இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கும். "மெதுவாக ஏற்றி உயிர் கொடுத்தேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டில் வைக்கிற பேட்டரிக்கு அந்த செல் வேண்டாம்.

மிச்சத்தை 4.2 வோல்ட் வரை ஏற்றுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதபடி சுடுகிற செல் கழிவு. அப்புறம் கெபாசிட்டி டெஸ்ட். 4 செல் போடுகிற சோதனை சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 0.5 ஆம்பியரில் இறக்கி எவ்வளவு நின்றது என்று அதுவே காட்டும். 1600 மில்லி ஆம்பியர் மணிக்குக் கீழே வந்தால் என் கையில் அது டார்ச் லைட்டுக்குத்தான் போகும். முடிந்தால் உள்மின்தடை மீட்டரிலும் பாருங்கள். 70 மில்லி ஓம் தாண்டினால் நான் எடுப்பதில்லை.

கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். முழு சார்ஜில் ஒரு மாதம் சும்மா வைத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் அது தானாகக் கசிகிற செல். கெபாசிட்டி 2200 காட்டினாலும் வேண்டாம். பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டுகிற ஒரு குரூப்பில் இப்படி ஒன்று இருந்தால் போதும், அந்தக் குரூப் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு செல்லுக்கு ஏற்றி, இறக்கி, ஏற்ற அரை நாள் ஆகும். 280 செல் என்றால் 70 சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று ஓட்டினாலும் 35 நாள், அப்புறம் அந்த ஒரு மாதக் காத்திருப்பு. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் குறையாக நினைக்க மாட்டேன்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் வீட்டில் 12 வோல்ட் இன்வெர்ட்டர் இருக்கிறது சார். ட்யூபுலர் பேட்டரி போய்விட்டது. அந்த இடத்தில் லேப்டாப் செல்களை மாட்டலாமா?

வேண்டாம் டீச்சர், 12 வோல்ட்டுக்கு இந்த செல் பொருந்தவே பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். செல் ஒன்றின் உச்சம் 4.2 வோல்ட். மூன்றை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, வைத்தால் 12.6. ஆனால் ட்யூபுலர் என்கிற ஈய பேட்டரிக்காகச் செய்த இன்வெர்ட்டர் 14.4 வரை ஏற்றும். செல்லுக்கு 4.8 விழும், தீப்பிடிக்கும். சரி, நான்காக வைத்தால்? 14.4ஐ நான்கால் வகுத்தால் 3.6. பேட்டரி பாதிகூட நிரம்பாது.

24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் கதையே வேறு. 7 செல் சீரிஸ். இன்வெர்ட்டர் 28.8 வரை ஏற்றினால் செல்லுக்கு 4.11. நிரம்பிய பிறகு அப்படியே பிடித்து வைக்கிற ஃப்ளோட் வோல்ட் 27.4 என்றால் 3.91. கீழே 21 வோல்ட்டில் நிறுத்தினால் 3.0. அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்காரும். 48 வோல்ட்டுக்கு 14 செல், அதே கணக்கு. ஆனால் ஈக்வலைஸ் என்று ஒரு வசதி இருக்கும், ட்யூபுலர் தண்ணீரைக் கலக்குவதற்காக வோல்ட்டை இன்னும் தூக்கும். அதை நிறுத்தியே வைக்க வேண்டும். நிறுத்த வழியில்லாத இன்வெர்ட்டரில் லித்தியம் மாட்டவே வேண்டாம்.

உங்கள் 12 வோல்ட் இன்வெர்ட்டரை வைத்துக்கொள்ள ஆசை என்றால் எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் நான்கு. உச்சம் 3.65 வீதம் 14.6. அது சரியாகப் பொருந்தும்.

புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர்: மின் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று பிரிக்காமல் அப்படியே கிடைக்கிறது. 48 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 48 வோல்ட் இன்வெர்ட்டரில் நேராகக் கொடுக்கலாமா?

ஸ்டிக்கரை நம்பாதீர்கள், உள்ளே எத்தனை சீரிஸ் என்று எண்ணுங்கள். பல பேக்குகள் 13 சீரிஸ். அதன் உச்சம் 54.6. இன்வெர்ட்டர் 57.6 ஏற்றினால் செல்லுக்கு 4.43. அந்த நேரத்தில் பேக்கில் இருக்கும் பி.எம்.எஸ். (செல் வோல்ட்டைக் கவனித்து, எல்லை தாண்டினால் துண்டிக்கிற போர்டு) ஒன்றுதான் உங்களுக்கும் நெருப்புக்கும் நடுவில் நிற்கும். சார்ஜ் வோல்ட்டை 54க்குக் கீழே வைக்க முடிகிற இன்வெர்ட்டர் இருந்தால் யோசிக்கலாம்.

மின்சாரக் கார் பேட்டரி கிடைத்தால் தொடவே வேண்டாம். பெரும்பாலும் 300 வோல்ட் டி.சி.க்கு மேலே இருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: எங்கள் பெரிய வீட்டில் இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில், பத்தாயத்துக்குப் பக்கத்து அறை காலியாகக் கிடக்கிறது. அங்கே வைக்கலாமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நம்ம செட்டிநாட்டு வீடுகளில் தூண், உத்திரம், நிலை, கதவு எல்லாம் பர்மா தேக்கு. நூறு வருஷம் காய்ந்த மரம். மேலே மரத்தின்மீது நாட்டு ஓடு. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஒரு வாட்ச்மேனும் விசேஷத்துக்கு வரும் பங்காளிகளும்தான். இரவில் புகை கிளம்பினால் பார்க்க ஆள் கிடையாது. அந்த மாதிரி வீட்டுக்குள், பழைய செல் பேட்டரியை எந்தக் கட்டிலும் வைக்கக் கூடாது. நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அங்கே பிடித்தால் வெளியே வரும் வழியும் சேர்ந்து அடைபடும்.

பின்கட்டைத் தாண்டி, கிணற்றடிப் பக்கம், வீட்டு மரத்தோடு ஒட்டாமல் செங்கல்லில் ஒரு சின்ன அறை கட்டுங்கள். தரை சிமெண்ட், கூரை கான்கிரீட், கதவு இரும்பு. காற்றோட்டத்துக்குக் கீழேயும் மேலேயும் கம்பி வலை. வடக்குப் பார்த்து நிழலில் இருக்கட்டும். தகர ஷீட் போட்ட மொட்டை மாடி அறை கூடாது; மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் தகரத்துக்குக் கீழே எவ்வளவு என்று போய் நின்று பாருங்கள். இந்த செல்லை 45 டிகிரிக்கு மேலே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருப்பதும் முக்கியம்.

இன்னொரு விஷயம் வீட்டு நீளம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிற வீடுகள் நம்முடையவை. பேட்டரியைப் பின்னால் வைத்து, இன்வெர்ட்டரை முகப்பில் மாட்டினால் நடுவில் 30 மீட்டர் வயர். 6 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 ஆம்பியர் போனாலே போகவர 60 மீட்டருக்கு 1.8 வோல்ட் தொலையும். 25 வோல்ட்டில் அது 7 சதவீதம். ஆகவே இன்வெர்ட்டரும் பின்னால், பேட்டரி அறைச் சுவருக்கு வெளிப்பக்கம். வீட்டுக்குள் 230 வோல்ட்டை மட்டும் நீளமாகக் கொண்டுபோங்கள்.

அரியக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்: செல்களை ஈயம் வைத்து ஒட்டினால் போதாதா? ஸ்பாட் வெல்டிங் கண்டிப்பா?

கண்டிப்பு. சால்டரிங் சூடு செல்லுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கெடுக்கும். செல்களை இணைக்கிற நிக்கல் பட்டை வாங்கும்போது கவனம், நிக்கல் முலாம் பூசிய இரும்பையும் நிக்கல் என்றே விற்கிறார்கள். ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள். துருப் பிடித்தால் இரும்பு.

பலருக்குத் தெரியாதது ஒன்று: இந்த செல்லின் மேல் விளிம்பு வரை உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் குமிழுக்கும் விளிம்புக்கும் ஒரு மி.மீ.தான் இடைவெளி. உறை கிழிந்திருந்தால் புது உறை போட்டு, தலையில் காகித வளையம் ஒட்டிய பிறகுதான் பட்டை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஃபியூஸ் கம்பி வையுங்கள், 4, 5 ஆம்பியரில் அறுகிற மாதிரி. 140 செல்லை 24 வோல்ட்டுக்கு 7 குரூப்பாகப் பிரித்தால், ஒரு குரூப்பில் 20 செல் பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, இருக்கும். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற 19ம் தங்களிடம் இருப்பதையெல்லாம் அதன் தலையில் கொட்டும். கம்பி அறுந்தால் ஒரு செல்லோடு போகும். பேரலலில் சேர்க்கும் முன் எல்லா செல்லும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். 7 குரூப்பின் மொத்தக் கெபாசிட்டியும் சமமாக வருகிற மாதிரி பிரியுங்கள்.

மெயின் ஃபியூஸும் பிரேக்கரும் டி.சி.க்கு என்று எழுதியதாக இருக்கட்டும். ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும். டி.சி.யில் அது அணையாமல் நின்று எரியும். வீட்டு ஏ.சி. பிரேக்கரான எம்.சி.பி.யை இதில் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அதே மெக்கானிக்: பி.எம்.எஸ். இல்லாமல் தினமும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டால்?

ராத்திரி இரண்டு மணிக்கு யார் பார்ப்பது? போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நம்ம ஊரிலேயே சிக்ரி இருக்கிறதே, அங்கே கொடுத்து செல்களைச் சோதித்து வாங்க முடியாதா அண்ணே?

சிக்ரி என்பது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் அம்மா, சாக்கு மூட்டையில் செல் தூக்கிக்கொண்டு போகிற இடம் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறந்த நிறுவனம் அது. படிப்பது வேதியியல் என்றால் அங்கே ப்ராஜெக்ட் செய்ய முயற்சி பண்ணுங்கள். செல் பொறுக்க அந்த 4 செல் சார்ஜரே போதும்.

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி: இதைப் போட்டால் கரண்ட் பில் குறையுமாப்பா?

குறையாது ஆச்சி. இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை அரசே இலவசமாகத் தருகிறது. நீங்களும் அய்யாவும் மட்டும் இருக்கிற வீட்டில் அதற்கு மேலே பெரிதாக வராது. பில்தான் கவலை என்றால் பேட்டரியே இல்லாமல், மின்வாரியக் கம்பியோடு சேர்க்கிற பேனல் போடச் சொல்லுங்கள். பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பேட்டரி வேண்டியது கரண்ட் போகிற நேரத்துக்கு மட்டும்தான்.

ராயவரத்திலிருந்து: மிக்ஸி ஓடுமா?

140 செல்லில் ஓடாது. பழைய செல்லுக்கு 0.5 ஆம்பியருக்கு மேலே வேலை கொடுக்கக் கூடாது. 20 பேரலலுக்கு 10 ஆம்பியர், சுமார் 250 வாட். 750 வாட் மிக்ஸி மூன்று மடங்கு கேட்கும், கிளம்பும்போது அதற்கும் மேலே.

குன்றக்குடியிலிருந்து: தீப்பிடித்தால் மணல் கொட்டலாமா, தண்ணீர் ஊற்றலாமா?

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், 101க்குப் போன் போடுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும், நெஞ்சைப் பிடிக்கும். மணலும் பவுடர் சிலிண்டரும் மேல் நெருப்பை அடக்கும், உள்சூட்டைக் குறைக்காது. சூட்டைக் குறைப்பது நிறையத் தண்ணீர்தான். லித்தியத்தில் தண்ணீரே படக் கூடாது என்பது உலோக லித்தியத்துக்குச் சொன்னது. ஆனால் 230 வோல்ட்டைத் துண்டிக்காமல் தண்ணீர் அடிக்காதீர்கள். அணைந்த பேக் பல மணி நேரம் கழித்தும் மறுபடி பிடிக்கும், வெளியே திறந்த இடத்தில் தனியாகக் கிடக்கட்டும்.

முதலில் கேட்ட தேவகோட்டை மாணவர்: இவ்வளவு வேலை இருக்கிறதே, நீங்கள் உங்கள் வீட்டில் இதைத்தான் வைத்திருக்கிறீர்களா?

பட்டறை விளக்குக்கும் விசிறிக்கும் பழைய செல். வீட்டுக்குப் புது எல்.எஃப்.பி. அது எளிதில் தீக்குப் போகாது, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். கற்றுக்கொள்ள ஆசை, கையில் நேரம், தனியாக ஓர் அறை, இந்த மூன்றும் இருந்தால் பழைய செல்லில் இறங்குங்கள் தம்பி. மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் வேண்டாம்.

கழித்த செல்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மூடாத மண் தொட்டியில் வெளியே வையுங்கள். குப்பையிலோ ஊருணிக் கரையிலோ போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்கள் பொறுப்பு. பதிவு பெற்ற மின்கழிவு எடுப்பவர்களிடம் மொத்தமாகக் கொடுங்கள். 280 வாங்கினால் 140 அப்படித்தான் போகும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.