டீர்ஃபீல்டு, யூனிஸ் – கடிதம்

வணக்கம் ஐயா,

மகள் வீட்டுக்கு மாசசூசெட்ஸ் வந்திருக்கிறேன். டீர்ஃபீல்டு என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய மரக்கதவைப் பார்த்தேன். கோடரியால் கொத்திய ஓட்டை அப்படியே இருக்கிறது. 1704ல் பிரெஞ்சுக்காரர்களும் செவ்விந்தியர்களும் சேர்ந்து தாக்கினார்களாம். ஸ்பெயின் அரியணைக்கான சண்டை இந்தக் காட்டுக்கு எப்படி வந்தது? பிடித்துப்போன ஏழு வயதுச் சிறுமி யூனிஸ் ஊரோடு திரும்பவே இல்லை என்றார்கள். மூளைச்சலவை செய்துவிட்டார்கள், இல்லையா? பாவம், பெற்ற தகப்பனையே மறந்த பிள்ளை.

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இரண்டு மாதமாக யூனிஸ் வில்லியம்ஸ் என் தலைக்குள் இருக்கிறாள். உங்கள் கடிதம் அதனால்தான் என்னை உடனே எழுத உட்காரவைத்தது.

முதல் கேள்வி எளியது. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் 1700ல் வாரிசில்லாமல் இறந்தார். பிரான்சின் பதினான்காம் லூயி தன் பேரனை அங்கே அரசனாக்கினார். 1702ல் இங்கிலாந்து போரில் இறங்கியது. இருவருக்கும் அமெரிக்காவில் குடியேற்றங்கள் இருந்ததால் சண்டை அங்கேயும் போனது. ஆனால் ‘செவ்விந்தியர்’ என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தாக்க வந்த பழங்குடிகளில் அபெனாக்கிகளுக்கு நிலம் பறிபோன கோபம். மோஹாக்குகளுக்கு இறந்த தம் மக்களின் இடத்தில் வளர்க்கப் பிள்ளைகள் வேண்டும். பிப்ரவரி 29, விடியுமுன், மரவேலியை ஒட்டிக் குவிந்திருந்த பனிமேல் ஏறி உள்ளே குதித்தார்கள். ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள். 112 பேரைப் பனியில் கனடாவுக்கு நடத்திப் போனார்கள். யூனிஸின் கைக்குழந்தைத் தங்கை வீட்டிலேயே கொல்லப்பட்டாள். பிள்ளை பெற்று ஆறே வாரமான தாய் வழியில் ஆற்றைக் கடக்கும்போது விழுந்தாள், அங்கேயே வெட்டப்பட்டாள். இதையெல்லாம் நான் மழுப்பவில்லை.

ஆனால் ‘மூளைச்சலவை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவளைப்போலவே பிடிபட்டுப் போன தகப்பன் ஜான் வில்லியம்ஸ், ஊரின் போதகர், கனடாவில் அவளைச் சந்தித்தபோது தன்னை அழைத்துப்போகச் சொல்லித்தான் கேட்டாள். நடக்கவில்லை. 1706ல் அவள் இல்லாமலே அவர் திரும்பினார். அடுத்த வருடம் வந்த தன் புத்தகத்தில் அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இங்கிலீஷ் பேச மறந்துவிட்டாள் என்று எழுதினார். மூன்றே வருடம்! அவள் யாரையும் மறக்க முடிவெடுக்கவில்லை. சோறு கேட்கவும் விளையாடவும் எந்த மொழி உதவியதோ, அது அவளுடையதாயிற்று.

1713ல் ஜான் ஸ்கைலர் என்பவர் அவளை அழைத்துவரப் போனார். அவளுக்கு 16 வயது, ஒரு மோஹாக் இளைஞனை மணந்திருந்தாள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கெஞ்சியிருக்கிறார். அவள் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல்: ஜாக்தே ஓக்தே. ‘ஒருவேளை இல்லை’ என்று பொருள். அவர்கள் வழக்கில் அதுதான் மறுப்பு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அத்தை ஒருத்தியை ஐந்து வயதில் பெல்லாரிப் பக்கம் பிள்ளையில்லாத உறவினருக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். முப்பது வயதில் ஒருமுறை வந்தாள். தமிழ் சுத்தமாகப் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் பாட்டி, “இங்கேயே இருந்துடேன் கண்ணு” என்றாள். சைகையில் புரிந்திருக்க வேண்டும். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அத்தை “நோடோணா” என்றாள். எனக்கு எட்டு வயது. என்ன சொல்றாங்க என்று கேட்டேன். “பார்க்கலாம்னு சொல்றா” என்றார் அப்பா. பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டிலும் பார்க்கலாம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

அந்தப் பெண்ணைக் கன்னடத்துக்காரி என்று திட்டிய சொந்தக்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்களும் அதைத்தான் யூனிஸுக்குச் செய்கிறீர்கள், அம்மா. அவளும் 1740ல் அண்ணனைப் பார்க்கக் கணவனோடு வந்தாள். அதற்குப் பிறகும் வந்தாள். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பினாள். அது மறந்தவள் செய்கிற காரியமா?

சரி, ஊருக்குக் கிளம்புமுன் மகளிடம் மாண்ட்ரியல் வரை வண்டி எடுக்கச் சொல்லுங்கள். நதிக்கு எதிர்க்கரையில் கானவாகே இருக்கிறது. மோஹாக் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். யூனிஸ் 1785ல், கிட்டத்தட்ட 90 வயதில், அங்கேதான் இறந்தாள்.