காக்கும் புரதம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சில நாள் என் பெயரே அவருக்கு வருவதில்லை. போன வாரம் அண்ணன் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். ‘மூளையைக் காக்கும் புரதம் கண்டுபிடிப்பு, அல்சைமருக்கு முடிவு’ என்று தலைப்பு. கொலம்பியா நாட்டுப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு புரோட்டீன் பவுடர் விளம்பரத்தில் முடிகிறது. மறுநாளே டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா அதை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். ராத்திரி பால் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார். பவுடர் வேண்டாமே என்றால், ‘அம்மா குணமாகறதுல உனக்கு என்ன கஷ்டம்?’ என்கிறான் அண்ணன். அந்த வீடியோவில் உண்மை ஏதாவது இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முக்கால்வாசி உண்மை. சிக்கலே அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் பதில் முடிந்திருக்கும்.

கொலம்பியாவில் அந்தியோகியா என்ற மலைநாட்டில் சில பெரிய குடும்பங்கள். நாற்பதுகளிலேயே மறதி தொடங்கி, ஐம்பதை ஒட்டி முற்றிவிடும். ஊரார் வைத்த பெயர் ‘லா போபேரா’, அசட்டுத்தனம் என்று அர்த்தம். சாபம் என்று நம்பியவர்களும் உண்டு. 1980களில் பிரான்சிஸ்கோ லோபேரா என்ற நரம்பியல் மருத்துவர் இவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார். ஆயுதக் குழுக்கள் நடமாடிய மலைகள் அவை. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, வீடு வீடாக விசாரித்து வம்சாவளி எழுதினார்கள். சுமார் 6,000 பேர் கொண்ட உறவுக்கூட்டம் தெரியவந்தது. பிரிசெனிலின்-1 என்ற மரபணுவில் உள்ள ஒரு பிழைதான் காரணம். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் ஏறக்குறைய நிச்சயம்.

அந்த வீடியோவில் வரும் பெண் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் அதே பிழை இருந்தது. 44 வயது வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய மறதி, எழுபது தாண்டும் வரை எட்டிப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். அல்சைமருக்கு அடையாளமான அமிலாய்டு படிவு மூளை நிறைய இருந்தது, நோய் வந்த உறவினர்களைவிடவும் அதிகமாக. ஆனால் நரம்பு செல்களுக்குள் முறுக்கிக்கொண்டு அவற்றைக் கொல்லும் டௌ என்ற இன்னொரு புரதம் குறைவாகவே இருந்தது. குப்பை குவிந்திருக்கிறது, தீ மட்டும் பரவவில்லை.

காரணம் ஏபிஓஇ. உடம்பில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் அது. 299 அமினோ அமிலங்கள் கோத்த சரத்தில், 136ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அவருக்கு செரின் என்ற வேறொன்று இருந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் மாற்றம் இது. அந்த மரபணுவின் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியிலும் அவருக்கு அது இருந்தது. 2019இல் இந்த ஆய்வு வெளியானது.

சரி, அந்த ஒரு மாற்றம் எப்படிக் காத்தது? செல்களின் மேற்பரப்பில் ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சாதாரண ஏபிஓஇ அவற்றைப் பற்றிக்கொள்ளும். டௌ செல்லுக்குச் செல் தாவுவதற்கும் அந்தச் சங்கிலிகள்தான் கைப்பிடி. அந்தப் பெண்ணின் ஏபிஓஇ அங்கே சரியாக ஒட்டவில்லை. அதனால் டௌ பரவுவதும் தடைப்பட்டது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ‘காக்கும் புரதம்’ என்ற பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது. அது பலம் கூடிய புரதம் இல்லை, பிடிப்புக் குறைந்த புரதம். பிடிப்புக் குறைவதை எந்த டப்பாவில் அடைத்து விற்பது?

அந்த மாற்றம் ஒரே ஒரு பிரதியில் மட்டும் உள்ளவர்களையும் பார்த்தார்கள். அப்படி 27 பேர். மறதி தொடங்கும் வயது 47இலிருந்து 52க்குத் தள்ளிப் போயிருந்தது. ஐந்து வருடம்தானா என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தேழு வயதில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

2023இல் அதே கூட்டத்தில் இன்னொருவர் கிடைத்தார், ஓர் ஆண். 67 வயது வரை தெளிவாக இருந்தார். இவரிடம் மாறியிருந்தது ரீலின் என்ற வேறொரு புரதம். (தள்ளாடி நடந்த ஒரு வகை எலிகளில் பழுதாகியிருந்த மரபணு என்பதால் வந்த பெயர்.) இங்கே கதை தலைகீழ், மாறிய ரீலின் கூடுதலாக வேலை செய்தது. அவர் மூளையிலும் அமிலாய்டு ஏராளம், டௌவும் பல இடங்களில் உண்டு. ஆனால் காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடியில் இருக்கும் என்டோரைனல் பகுதியில் மட்டும் டௌ மிகக் குறைவு. அல்சைமர் வழக்கமாக முதலில் கை வைக்கும் இடம் அது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி இதனால்தான்: அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். புதிதாகக் கேட்டதும் பார்த்ததும் தங்க அந்த என்டோரைனல் பகுதி வேண்டும். ஐம்பது வருடம் கை செய்த வேலை மூளையின் வேறு இடத்தில் இருக்கிறது. நோய் அங்கே தாமதமாகத்தான் போகும். மகள் பெயர் வழுக்கினாலும் டம்ளர் கவிழ்கிறது.

அப்புறம் அந்தப் பவுடர். எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும், பருப்போ முட்டையோ பவுடரோ, குடல் அதைப் பிரித்து அமினோ அமிலங்களாக்கிவிடும். முழுப் புரதமாக மூளைக்குப் போய்ச் சேராது. சேர்த்துப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. பிரிட்டனில் பிரிஸ்டலில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் நான்கு மெல்லிய குழாய்களை இறக்கி, காதுக்குப் பின்னால் ஒரு முனை பொருத்தி, ஜிடிஎன்எஃப் என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்தினார்கள். 2019இல் முடிவு வந்தது. ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்பது மாத முடிவில், முக்கிய அளவுகோலில், மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாக மேம்படவில்லை. மண்டையைத் துளைத்தே இந்த நிலை.

கொலம்பியப் பெண்ணின் புரதத்தைப் போலவே ஏபிஓஇயின் பிடியைத் தளர்த்தும் ஒரு ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, செய்து எலிகளில் சோதித்திருக்கிறார்கள். டௌ குறைந்தது. எலிகளில்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கிறார், அவ்வளவுதான். அந்த வீடியோவின் முதல் பாதி நிஜம் என்றே அவரிடம் சொல்லுங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதவைத் திறக்கும். அம்மா சாப்பாடு குறைந்து இளைக்கிறாரா, பவுடர் தேவையா, சிறுநீரகம் தாங்குமா என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. அடுத்த முறை போகும்போது டப்பாவையும் அண்ணனையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். அதுவரை பாலையே கொடுங்கள். அதைத்தான் அவர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாரே.