கருந்துளை கண்ணுக்கே தெரியாது என்கிறார்கள். அப்புறம் பால்வெளியின் மையத்தில் இருப்பதற்கு 43 லட்சம் சூரியன்களின் நிறை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கைபேசிக் கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். அந்த மையத்தைச் சுற்றும் எஸ்2 என்ற நட்சத்திரம் ஒரு சுற்று முடிக்க சுமார் 16.05 ஆண்டுகள் ஆகிறது. அதன் நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ 1,035 மடங்கு. 1,035 × 1,035 × 1,035 என்று பெருக்கி, 16.05-இன் வர்க்கத்தால் வகுங்கள். 43 லட்சம் வரும். பாதையின் அளவையும் சுற்றும் காலத்தையும் நிறையோடு இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த 1,035 சும்மா கிடைக்கவில்லை. நமக்கும் மையத்துக்கும் நடுவில் அடர்ந்த தூசி இருப்பதால் அகச்சிவப்பில்தான் பார்க்க வேண்டும். பார்த்தாலும் படத்தில் கிடைப்பது கோணம் மட்டுமே: ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டு, அதில் ஒன்றை மறுபடி எட்டாகப் பிரித்த அளவு. அதைக் கிலோமீட்டராக்க மையம் எவ்வளவு தொலைவு என்று தெரியவேண்டும். தொலைவில் 5 சதவீதம் பிசகினால் நிறையில் 15 சதவீதம் பிசகும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. நட்சத்திரத்தின் நிறமாலையில் கோடுகள் நகர்வதை வைத்து, அது நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை நேரடியாக கிலோமீட்டரிலேயே அளக்கலாம். தொலைவு தெரிய வேண்டியதில்லை. கோணத்துக்கும் வேகத்துக்கும் ஒரே பாதை பொருந்த வேண்டும் என்றால், தொலைவு தானாகவே கிடைத்துவிடும். சுமார் 27,000 ஒளியாண்டு.

ஹவாயின் கெக் தொலைநோக்கியில் ஆண்ட்ரியா கெஸ் குழுவும், சிலியில் ரெய்ன்ஹார்ட் கென்செல் குழுவும் போட்டி போட்டுக்கொண்டு அளந்தும் விடை ஒத்துப்போனது. அவர்கள் இருவருக்கும் கிடைத்த 2020 நோபலைவிட எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

சரி, மையத்தில் இருப்பது கருந்துளையாக இல்லாமல் மங்கலான நட்சத்திரக் கூட்டமாக இருக்கக்கூடாதா? 2018 மே மாதம் எஸ்2 விநாடிக்கு சுமார் 7,650 கிலோமீட்டர் வேகத்தில் மையத்தை நெருங்கிப் போனது. அப்போதைய தூரம், சூரியனிலிருந்து நெப்டியூன் இருப்பதைப் போல நான்கு மடங்குதான். அதற்குள் 43 லட்சம் சூரியன்கள் கூட்டமாக நிலைத்திருக்க வழியில்லை.

வேறு விண்மீன் மண்டலங்களில் மையத்து நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. பெரும்பாலும் மொத்த ஒளியின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று பார்த்துத்தான் வேகத்தைக் கணிப்பார்கள். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளைக்கு நட்சத்திர வேகங்கள் சுமார் 660 கோடி சூரிய நிறை என்றன, வாயுவின் வேகம் சுமார் 350 கோடி என்றது. 2019-இல் வெளியான அதே கருந்துளையின் படம் 650 கோடி என்று நட்சத்திரங்களின் பக்கம் நின்றது.