ஜாங்கோ டெம்ப்ளேட்டில் இஃப் படுத்தும் பாடு: கேள்வி பதில்

கேள்வி: இஃப் டேக்குக்குள் அடைப்புக்குறி போட்டால் எரர். பைத்தானில் ஓடுகிறதே?

பைத்தானில் ஓடும், ஆனால் ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்டும் கட்டமைப்பு) டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சில், ஓடாது. ஆண்ட் முதலில், ஆர் அப்புறம் என்ற வரிசை மட்டும் பைத்தானில் உள்ளதுதான். நீங்கள் காட்டிய "(நிர்வாகி ஆர் ஆசிரியர்) ஆண்ட் நாட் பூட்டியது" என்பதிலிருந்து அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டால் எரர் போய்விடும், ஆனால் பதிவு பூட்டியிருந்தாலும் நிர்வாகிக்குத் திருத்தும் பட்டன் தெரியும். வெளியே பூட்டுக்கு ஒரு இஃப், அதற்குள் ஆர் போட்ட இன்னொரு இஃப் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கை வியூவிலேயே (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் பைத்தான் கோடு) முடித்து, ட்ரூ ஃபால்ஸ் மட்டும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்புவேன். எப்படியும் வியூவில் அந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும், பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது.

கேள்வி: இரட்டைச் சமக்குறி போட்டால் 'குட் நாட் பார்ஸ் த ரிமைண்டர்' என்கிறது.

குறிக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: பழைய புராஜெக்டில் இஃப்ஈக்வல் (இரண்டு மதிப்பு சமமா என்று பார்க்கும் டேக்) வேலை செய்யவில்லை.

ஜாங்கோ 4.0-இல் எடுத்துவிட்டார்கள், 3.1-இலேயே எச்சரிக்கை வந்தது. இஃப்பும் இரட்டைச் சமக்குறியும் போதும்.

கேள்வி: மாறியின் பெயரைத் தப்பாக அடித்தும் எரரே வரவில்லை, ஏன்?

இல்லாத மாறியை இஃப் 'நன்' (None, மதிப்பு இல்லை) என்று எடுத்துக்கொள்ளும், அதனால் நிபந்தனை சத்தமில்லாமல் பொய்யாகும். அதோடு போனால் பரவாயில்லை, முன்னால் நாட் இருந்தால் உண்மையாகிவிடும். "தடைசெய்யப்படாதவருக்கு மட்டும்" என்று நினைத்து எழுதியது, ஓர் எழுத்து பிசகினால் எல்லோருக்கும் திறந்துவிடும். தடைசெய்த கணக்கில் நுழைந்து பார்க்கிற மாதிரி ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

கேள்வி: ஜிஞ்சா2 என்ற இன்னொரு டெம்ப்ளேட் மொழிக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லையே?

அடைப்புக்குறி கிடைக்கும், ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட்டும் கொடுக்கலாம். 1.8-இலிருந்து ஜாங்கோவிலேயே அதற்கு ஆதரவும் உண்டு. ஆனால் அட்மின் பக்கங்கள் ஜாங்கோ டெம்ப்ளேட்டில்தான் இருக்கும், நீங்கள் லோட் பண்ணுகிற டேக் எதுவும் ஜிஞ்சா2-இல் அப்படியே ஓடாது.

அதே நபர்: ஜாங்கோ டெம்ப்ளேட் கையைக் கட்டிப்போடுகிறது என்கிறேன்.

ஆமாம், வேண்டுமென்றேதான் கட்டியிருக்கிறார்கள். விலைக் கழிவு விதியை மூன்று எச்டிஎம்எல் கோப்புகளில் எழுதிவைத்து, அதில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போன புராஜெக்டைத் திறந்து பாருங்கள், ஏன் என்று தெரியும்.

இன்னொருவர்: அப்படியென்றால் இந்த விதிகள் எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்து மாடலில் (தரவைக் கையாளும் பைத்தான் கிளாஸ்) போட்டால் மாடல் வீங்காதா?

வீங்கும். வீங்கினாலும் மெத்தடுக்கு டெஸ்ட் எழுதலாம், நாலடுக்கு இஃப்புக்கு எழுதிப் பாருங்களேன். ஜிஞ்சா2 பேச்சை இத்துடன் விடுவோம்.

கேள்வி: ஸ்டாக் 0 என்றால், டிஃபால்ட் ஃபில்டரில் கொடுத்த 'தகவல் இல்லை' வருகிறது.

டிஃபால்ட் ஃபில்டர் பூஜ்யத்தையும் காலியாகவே பார்க்கும். டிஃபால்ட்_இஃப்_நன் போடுங்கள்.

கேள்வி: இஃப்பில் அடைப்புக்குறி...

முதல் பதில்.

கேள்வி: பெர்ம்ஸ் (பயனரின் அனுமதிகளைக் காட்டும் மாறி) வைத்து டெலீட் பட்டனை மறைத்துவிட்டேன், போதும்தானே?

போதாது, மேலேயே சொன்னேன்! முகவரி தெரிந்தவர் பட்டன் இல்லாமலே போஸ்ட் அனுப்புவார். வியூ மேல் பெர்மிஷன்_ரிக்வயர்ட் போடுங்கள், ரெய்ஸ்_எக்ஸெப்ஷனை ட்ரூ ஆக்குங்கள், அப்போதுதான் லாகின் பக்கத்துக்குத் திருப்பாமல் 403 (அனுமதி இல்லை) கொடுக்கும்.